பழைய வீடுகளில் மின்சாரப் பழுதுபார்த்தல்

கைத்தறிச் சங்க அங்கத்தினருள் பலர் முன்னோர் கட்டிய வீடுகளிலேயே தறியிட்டுத் தொழில் செய்து வருகின்றனர். 1932-இல் பைக்காராவிலும், 1937-இல் மேட்டூரிலும், 1944-இல் பாபநாசத்திலும் நீர்மின் நிலையங்கள் இயங்கத் தொடங்கியதை ஒட்டியும், 1957-இல் மின்சார வாரியம் அமைந்த பின்னரும், நமது நெசவு ஊர்களில் மின்சாரம் பரவிற்று. அக்காலத்துக் கம்பிகள் சில வீடுகளில் இன்றும் சுவரில் இருக்கின்றன. சுவிட்சு பழுதானால் ஒரு திருப்புளியையும் டெஸ்டரையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்காரரே வேலையில் இறங்கிவிடுவது வழக்கம். அறுந்த இழையைக் கண்டுபிடித்துப் பிணைக்கும் விரல்களுக்கு இரண்டு கம்பிகளை முறுக்குவது பெரிய காரியமன்று. ஆகவே அபாயம் கைத்திறன் குறைவினால் வருவதில்லை. விளக்கு அணைந்துவிட்டால் கம்பியில் மின்சாரம் இல்லை என்று நம்புவதனால் வருகிறது.

இந்த நம்பிக்கை எவ்வாறு பொய்க்கிறது என்பதை அறிந்துகொள்வது நலம். வீட்டிற்குள் வரும் கம்பிகள் இரண்டு. பேஸ் கம்பியில் மின்சாரம் வருகிறது. நியூட்ரல் கம்பியில் திரும்புகிறது. சுவிட்சு பேஸ் கம்பியில்தான் இருத்தல் வேண்டும். பழைய வயரிங்கில் அது நியூட்ரலில் இருப்பது அரிதன்று. அப்பொழுதும் சுவிட்சை அணைத்தால் விளக்கு அணையும். ஆனால் ஹோல்டரில் 230 வோல்ட் அப்படியே நிற்கும். பழைய மெயின் பலகைகளில் பேஸுக்கு ஒன்றும் நியூட்ரலுக்கு ஒன்றுமாக இரண்டு பீங்கான் பியூஸ்கள் உண்டு. நியூட்ரல் பியூஸ் மட்டும் எரிந்துபோனால் வீடு முழுவதும் இருளடையும். எனினும் பேஸ் கம்பிகள் யாவும் உயிருடன் இருக்கும். ஏதேனும் ஒரு விளக்கின் சுவிட்சு போட்டபடியே இருந்தால், அதன் வழியாக நியூட்ரல் கம்பியிலும் மின்சாரம் ஏறிவிடும். டெஸ்டரை வைத்தால் சாக்கெட்டின் இரு துளைகளிலும் எரியும். “மின்சாரம் அதிகமாக வருகிறது” என்று இதற்கு விளக்கம் கூறியவர்களும் உண்டு! அது நியூட்ரல் அறுந்திருப்பதற்கு அறிகுறி. அங்கே கையை எடுத்துவிட வேண்டும். டெஸ்டர் எரியவில்லை என்பதையும் சான்றாகக் கொள்ளலாகாது. உலர்ந்த மரமணை மீது நின்று சோதித்தால் அது மங்கலாகவே எரியும். பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாமலும் போகும்.

நெசவாளர் வீடுகளுக்கே உரிய மற்றோர் இடர் பாகப்பிரிவினை. ஒரு சங்கத்தில், காலமான அங்கத்தினரின் பங்குத் தொகையையும் சேமிப்பையும் வாரிசுக்கு வழங்கும் கோப்பு எனது ஆய்வுக்கு வந்தது. அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டை இரண்டாகத் தடுத்து, தனித்தனி மீட்டர் வைத்துக்கொண்டவர்கள். தறியின்மேல் தொங்கும் விளக்கை இடம் மாற்ற எண்ணிய தம்பி, முறைப்படி தமது மெயின் சுவிட்சை அணைத்தார். தம் பக்கத்து விளக்குகள் யாவும் அணைந்ததைக் கண்டு, ஒரு கால் தறிக்குழியில் இருக்க, சுவரோரத்துக் கம்பியைச் சீவினார். அந்தக் கம்பி பிரிவினைக்கு முன் போட்டது. அண்ணன் மீட்டரிலிருந்து வருவது. அது அண்ணனுக்கும் தெரியாது. தம்பி பிழைக்கவில்லை. இன்று இன்வெர்ட்டர் வைத்திருக்கும் வீடுகளிலும் இதே நிலைதான்: மெயினை அணைத்த பின்னரும் அதன் மின்சாரம் கம்பிகளில் ஓடிக்கொண்டிருக்கும்.

பியூஸ் காப்பாற்றும் என்று எண்ணுவதும் பிழை. பியூஸும் எம்.சி.பி.யும் கம்பி சூடேறி எரிந்துவிடாமல் காப்பதற்கானவை. மனிதனைக் காப்பதற்கானவை அல்ல. 60 வாட் குண்டு விளக்கு ஏறக்குறைய 260 மில்லி ஆம்பியர் கொள்கிறது. உடலினூடே 10 மில்லி ஆம்பியர் அளவு பாய்ந்தாலே பிடித்த கையை விடுவிப்பது கடினம். 30-க்கு மேற்பட்டால் இதயத்திற்கு ஆபத்து. 5 ஆம்பியர் பியூஸுக்கு இவையெல்லாம் ஒரு பொருட்டாகவே தெரியா. ஈரத்தறையும் தறிக்குழியின் குளிர்ந்த மண்ணும் அபாயத்தை மிகுவிக்கின்றன. ஆர்.சி.சி.பி. என்னும் கருவி 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்க வல்லது. பழைய வயரிங்கில் அது அடிக்கடி விழுகிறது என்று சலித்துக்கொண்டு கழற்றி வைத்துவிட்டவர்களைக் காண்கிறேன். அது விழுவது கருவியின் குற்றமன்று. எங்கோ கசிகிறது என்று அது சொல்கிறது.

எர்த் கம்பியைப் பற்றியும் ஒரு சொல். பல வீடுகளில் அதை இரும்புத் தண்ணீர்க் குழாயில் முறுக்கிவிட்டிருந்தனர். பிற்பாடு பிளாஸ்டிக் குழாய் வந்தது. கம்பி மட்டும் முன்போலவே காட்சியளிக்கிறது. தார் சுற்றும் மோட்டாரின் உடலில் மின்சாரம் இறங்கினால் அது போக வழியில்லை.

பழைய கம்பிகளின் ரப்பர் உறை காய்ந்திருக்கும்; புதிய சுவிட்சு பொருத்துவதற்காக வளைத்தாலே உதிர்ந்து கொட்டும். மரச்சட்டத்தினுள் அது உதிர்வதை நாம் காண்பதில்லை. பஞ்சும் பட்டும் நூலும் நிறைந்த அறையில் ஒரு பொறி போதும்.

1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள், விளக்கு, மின்விசிறி, பியூஸ், சுவிட்சு போன்றவற்றை அதே வகையில் மாற்றுவதற்கு மட்டும் விலக்களித்து, ஏனைய வேலைகளை உரிமம் பெற்றவர்களிடமே ஒப்படைத்தன. இன்றைய ஒழுங்குமுறைகளும் அவ்வாறே. பழைய வீட்டைப் பொறுத்தவரை, அந்த விலக்கையும் வயரிங் சோதிக்கப்படும் வரை பயன்படுத்தாதிருப்பதே தக்கது என்பது என் கருத்து. தகுதிச் சான்றிதழ் பெற்ற வயர்மேன் ஒருவரைத் தனித்தனியே அழைப்பது செலவுதான். ஒரு தெருவின் அங்கத்தினர் பத்துப் பேர் சேர்ந்து சங்கத்தின் மூலம் அழைத்தால் கூலி குறையும். மெக்கர் கருவியால் ஒவ்வொரு வீட்டின் கம்பி உறையையும் சோதிக்கச் சொல்லுங்கள். சுவிட்சுகள் பேஸில் உள்ளனவா, பக்கத்துப் பாகத்திலிருந்து கம்பி வருகிறதா, எர்த் தரையைத் தொடுகிறதா என்னும் மூன்றையும் எழுதி வாங்கி, மீட்டர்ப் பலகையின் அருகே ஒட்டி வைக்கலாம்.

யாரேனும் மின்சாரத்தில் சிக்கினால் அவரைத் தொடலாகாது. வீட்டின் எல்லா மெயின்களையும் இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும்; இயலாவிடில் உலர்ந்த மரக்கட்டையால் கம்பியைத் தள்ள வேண்டும். பின்னர் மூச்சும் அசைவும் இல்லையெனில் நெஞ்சின் நடுவே இரு கைகளாலும் விடாமல் அழுத்திக்கொண்டே 108-க்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.