ஊருக்கு வெளியே வென்ற கிண்ணம்

ஐதராபாத்தின் பெயரைச் சொன்னதும் சார்மினார் நினைவுக்கு வருவது இயல்பு. ஆயினும் கால்பந்தாட்டத்தில் இந்நகர் பெற்றிருந்த புகழை இங்குக் குடியேறிய தமிழரிற் பலர் அறியார். சையத் அப்துல் ரகீம் என்னும் பள்ளியாசிரியர் பயிற்றுவித்த நகரப் போலீஸ் குழு, 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற இந்தியக் குழுவுக்கும் அவரே பயிற்சியாளர். அக்குழுவில் இடம்பெற்ற துளசிதாஸ் பலராம், செகந்திராபாத்தை அடுத்த அம்முகுடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர் என்பது நமக்குக் கூடுதல் மகிழ்ச்சி.

அந்த மரபு மங்கிய பின்னர், 2019இல் ஐதராபாத் எப்.சி. என்னும் கழகம் தோன்றி இந்தியன் சூப்பர் லீக்கில் சேர்ந்தது. லீக் என்பதைச் 'சங்கம்' என்று மொழிபெயர்த்தால் பொருள் கெடும். ஒவ்வொரு குழுவும் மற்றெல்லாக் குழுக்களோடும் மோதும் தொடர் அது. முதல் ஆண்டில் பத்துக் குழுக்களுள் இதுவே கடைசி.

2021-22 பருவத்தில் நிலைமை மாறியது. ஸ்பெயின் நாட்டவரான மனோலோ மார்க்கெஸ் பயிற்சியாளர். பெருந்தொற்றின் காரணமாக எல்லா ஆட்டங்களும் கோவாவில் நடைபெற்றன. லீக் ஆட்டங்கள் முழுதும் பார்வையாளரின்றியே நடந்தன. 20 ஆட்டங்களில் 11 வெற்றி, 5 சமநிலை. வெற்றிக்கு மூன்று, சமநிலைக்கு ஒன்று என 38 புள்ளிகள். நைஜீரிய வீரர் ஒக்பெச்சே மட்டும் 18 கோல்கள் போட்டார். 43 புள்ளிகள் பெற்ற ஜம்ஷெட்பூருக்கே கேடயம் கிடைத்தது. ஒரு குழுவின் தகுதிக்கு அக்கேடயமே சிறந்த சான்று என்பது என் கருத்து. ஆனால் மக்கள் நினைவில் வைப்பதோ இறுதி ஆட்டத்தைத்தான்.

2022 மார்ச் 20 அன்று மட்காவ் நகரின் ஃபடோர்டா அரங்கில் அவ்விறுதி ஆட்டம் நடந்தது. அன்று மக்களுக்கு அனுமதி உண்டு. கேரளா பிளாஸ்டர்ஸ் முதலில் கோல் போட்டது. 88ஆவது நிமிடத்தில் சாகில் தவோரா அதனைச் சமன் செய்தார். கூடுதல் நேரத்திலும் முடிவு காணாமல் பெனால்டி உதைகளுக்குச் சென்றபோது, கோல்காப்பாளர் லட்சுமிகாந்த் கட்டிமணி மூன்று உதைகளைத் தடுத்துவிட்டார். 3-1 என்ற கணக்கில் ஐதராபாத் வென்றது.

அவ்வாண்டு முழுவதிலும் சொந்த நகரில் ஓர் ஆட்டமும் இல்லை. அடுத்த பருவத்தில்தான் கச்சிபௌலி அரங்கில் ஊரார் தம் வீரரை நேரிற் கண்டனர். 2025இல் அக்கழகமே தில்லிக்கு இடம்பெயர்ந்து, பெயரையும் மாற்றிக்கொண்டது.