நம் கணவாய்க் காற்று கடலில் செய்யும் வேலை

டீ வரட்டும், அதற்குள் சொல்லிவிடுகிறேன், கேளுங்க. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளைச் சுற்ற வைக்கிறதே, அந்தத் தென்மேற்குக் காற்று அரபிக்கடலையே கலக்கிவிட்டுத்தான் இங்கே வருகிறது. சோமாலியா, ஓமன் கரையிலும் ஓரளவு கேரளக் கரையிலும் மேல்நீர் விலக, ஆழத்துக் குளிர்நீர் மேலேறுகிறது. செத்து விழுந்த நுண்ணுயிர்கள் அங்கே மக்குவதால் அந்த நீரில் கரியமில வாயு அதிகம். மேலே வந்து சூடேறியதும், வெயிலில் வைத்த சோடாவில் கேஸ் போவது மாதிரி, அது காற்றில் கலந்துவிடுகிறது.

மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ கால்பங்கை உலகக் கடல்கள் வாங்கிக்கொள்கின்றன. அரபிக்கடலோ ஆண்டில் பெரும்பகுதி கொடுக்கிற கடல். 1994 முதல் 1997 வரை நம் விஞ்ஞானிகள் 'சாகர் கன்யா' கப்பலில் பருவம் பார்த்துப் போய் அளந்ததில் இது தெளிவானது.

எப்படி அளக்கிறார்கள்? வட்டமாக அடுக்கிய நீர்க்குடுவைகளைக் கம்பிவடத்தில் கட்டி இறக்குவார்கள். கூடவே போகும் கருவி வெப்பம், அழுத்தம், மின்கடத்தும் திறன் மூன்றையும் சொல்லிக்கொண்டே போகும். அவற்றைக் கொண்டு உப்பும் ஆழமும் தெரியும். ஏறும்போது வேண்டிய ஆழத்தில் ஒவ்வொரு குடுவையாக மூடும். மேல்தளத்தில் அந்த நீரைக் கண்ணாடிப் புட்டியில் பிடிப்பதைப் பார்க்க வேண்டும். ரப்பர் குழாய் புட்டியின் அடியைத் தொட்டிருக்கும். ஒரு குமிழிகூட வராமல், வழிய வழிய நிரப்புவார்கள். பிறகு சிறு துளி மெர்க்குரிக் குளோரைடு. உள்ளே இருக்கும் கிருமிகள் சுவாசித்தால் கணக்கே மாறிவிடும் அல்லவா? ஆய்வறையில் அமிலம் சேர்த்து, கரைந்த கார்பன் முழுவதையும் வாயுவாக்கி அளக்கிறார்கள். கருவி சரிதானா என்று பார்க்க, அளவு முன்கூட்டியே தெரிந்த கடல்நீர் கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் நிறுவனத்திலிருந்து புட்டியில் வருகிறது.

இத்தனை கவனம் எதற்கு? ஒரு கிலோ கடல்நீரில் கரைந்த கார்பன் சுமார் 2,000 மைக்ரோமோல். அலகின் பெயர் கிடக்கட்டும். ஆண்டுக்கு ஏறுவது அதில் 1 போலத்தான். அந்த ஒன்றைப் பிழையில்லாமல் பிடித்தால்தான் கரியமில வாயு கரைந்து கடல் எவ்வளவு அமிலமாகிறது என்று சொல்ல முடியும்.

இப்போது மிதவைகளே அமிலத்தன்மையை அளந்து செயற்கைக்கோள் வழியே அனுப்புகின்றன. நல்லதுதான். ஆனால் அவற்றின் உணரிகள் நாள்பட விலகும், திருத்துவதற்குக் கப்பலில் எடுத்த நீர்தான் வேண்டும். வட இந்தியப் பெருங்கடல் இன்னும் குறைவாக அளக்கப்பட்ட கடல். அலை மூர்க்கமாக இருக்கும் அந்தத் தென்மேற்குக் காற்றுப் பருவத்திலேயே கப்பல் போக வேண்டும், அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்பேன்.