மாலைத் தேநீரும் ஒரு நாணயமும்

1929ஆம் ஆண்டில் காந்தியடிகள், நெருப்பில் சமைக்காத உணவை மட்டுமே உண்டு வாழ இயலுமா என்று தம் உடலிலேயே சோதித்தார். முளைகட்டிய கோதுமை, தேங்காய், பச்சைக் கீரை, எலுமிச்சை முதலியன ஆகாரமாயின. அனுபவத்தை 'யங் இந்தியா' இதழில் வெளியிட்டார். சில மாதங்களுக்குள் சீதபேதி கண்டது. சோதனையைக் கைவிட்டார், கைவிட்டதையும் ஒளிக்காமல் எழுதினார்.

நம்மில் பெரும்பாலோர் செய்யும் சோதனைகளோ தோல்வியுறுவதே இல்லை. "மாலைத் தேநீரை நிறுத்தினேன்; நன்றாக உறக்கம் வருகிறது" என்பார் நண்பர். அவர் அதை நிறுத்தியது எப்போது? உறக்கம் மிகவும் கெட்டிருந்த வாரத்தில்தான். அத்தகைய வாரத்தை அடுத்துச் சாதாரணமான வாரம் வருவது இயல்பு. தேநீரை நிறுத்தாவிடினும் அது வந்திருக்கும்! தேநீர்மீது பழியைச் சுமத்தி, மெய்யான காரணத்தை விட்டுவிடுகிறோம். நாள்தோறும் வெளியூர் சென்று அளவுகள் எடுப்போருக்கு இது சிறிய விஷயமன்று. உறங்காத கண் தராசின் முள்ளையும் தவறாகப் படிக்கும்.

தேநீரிலுள்ள காஃபீன், வளர்ந்தோர் உடலில் பாதியளவாகக் குறைவதற்குச் சராசரியாக 5 மணி நேரம் ஆகிறது. ஆகவே மாலை 5 மணிக்கு அருந்தியதில் ஏறக்குறையப் பாதி இரவு 10 மணிக்கும் எஞ்சியிருக்கும். எனினும் இது சராசரியே. புகைபிடிப்போரிடம் விரைவாகவும், கருவுற்ற பெண்களிடம் மிக மெதுவாகவும் அது குறைகிறது. பிறர் அனுபவம் நமக்குப் பொருந்தும் என்று கொள்ள இடமில்லை.

இதற்கு வேண்டுவன ஒரு குறிப்பேடும் ஒரு நாணயமுமே. மாலை 4 மணிக்கு நாணயத்தைச் சுண்டுக. தலை விழுந்தால் தேநீர். பூ விழுந்தால் இல்லை. நாளைத் தெரிந்தெடுக்கும் உரிமையை நம் மனத்திடம் விடலாகாது. களைத்த நாளில் அது தேநீரையே தேடும். மறுநாள் எழுந்தவுடன், படுத்த நேரம், உறக்கம் வர ஏறத்தாழ எவ்வளவு ஆயிற்று, எத்தனை முறை விழிப்பு வந்தது என்னும் மூன்றை மட்டும் எழுதுக. 28 நாட்கள் என்று முன்கூட்டியே முடிவு செய்து, இடையில் கூட்டிப் பாராதிருத்தல் நன்று. அருந்தியது தேநீரா அன்றா என்பதை நாக்கு காட்டிக் கொடுத்துவிடும். அந்தக் குறையை நீக்க வழியில்லை. மருத்துவர் கொடுத்த மருந்தில் மட்டும் இவ்விளையாட்டு வேண்டா.

இதை எழுதுபவரும் அவ்வாறு செய்து பார்த்ததுண்டு. தேநீர் அருந்திய நாட்களுக்கும் அருந்தாத நாட்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் காணப்படவில்லை. பல ஆண்டுகளாகத் தேநீரைக் குறை கூறி வந்தவருக்கு இது சற்று வெட்கமாகவே இருந்தது. ஆயினும் ஏட்டின் ஓரக் குறிப்புகளில் ஒன்று தென்பட்டது: உறக்கம் கெட்ட இரவுகளிற் பல, முகாமிலிருந்து தாமதமாகத் திரும்பி 9 மணிக்குமேல் உணவருந்திய இரவுகள். பின்னர் தேடிக் கண்டது ஆதலின் இது முடிவன்று, சந்தேகமே. அவ்விரவுகளில் அலைச்சலும் சேர்ந்திருந்தது. முகாம் இல்லாத நாட்களில், தலை விழுந்தால் 7 மணிக்கும் பூ விழுந்தால் 9 மணிக்கும் உணவு என்று புதிய பக்கம் ஒன்று தொடங்கப்பட்டிருக்கிறது. வீட்டாரின் சம்மதமும் ஒருவாறு கிடைத்துவிட்டது.