வச்சிரமும் இளம்பிறையும்: பாரதியார் பாடிய கொடியின் அமைப்பும் தேசியக் கொடியின் வரலாறும்

விடுதலை நாளிலும் குடியரசு நாளிலும் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் முதலிய தென்சென்னைப் புறநகர்ப் பள்ளிகளில் கொடி ஏறியதும் பாரதியாரின் 'தாயின் மணிக்கொடி' பாடப்படுவதுண்டு. தமிழகத்தின் பிற ஊர்களிலும் இதுவே வழக்கம். பாடும் மாணவர் கண்முன் காவி, வெண்மை, பச்சை ஆகிய மூன்று பட்டைகளும் நடுவே கருநீலச் சக்கரமும் உள்ளன. பாட்டில் இவற்றுள் ஒன்றேனும் இல்லை. பாட்டு வருணிக்கும் கொடியின் தளம் சிவப்பு. அதன் ஒரு பக்கம் இந்திரனது வச்சிரம், மறுபக்கம் இளம்பிறை, நடுவில் 'வந்தே மாதரம்' என்னும் எழுத்து. பாடப்படும் கொடியும் ஏற்றப்படும் கொடியும் வேறு வேறு என்பது புலப்பட்டால்தான் பாட்டின் பொருளும், தேசியக் கொடி கடந்து வந்த வழியும் தெளிவாகும்.

பாட்டினுள் உள்ள கொடி

பாரதியார் இப்பாடலுக்குப் 'பாரத நாட்டுக் கொடியினைப் புகழ்தல்' என்று குறிப்புத் தந்து, தாயுமானவரின் ஆனந்தக் களிப்புச் சந்தத்தில் அமைத்துள்ளார். ஆனந்தக் களிப்பு, ஞானம் கைவந்த உள்ளத்தின் துள்ளல். அச்சந்தத்தை அரசியல் கொடிக்கு உரியதாக்கியது தேர்ந்து செய்த செயலாகவே தோன்றுகிறது.

கொடியின் நிறத்தை உணர்த்தும் சொற்கள் இரண்டு: 'செய்ய' என்பது ஒன்று, 'மாணிக்கம்' என்பது மற்றொன்று. 'செய்ய' என்பதற்குச் சிவந்த என்றும் செவ்விய, அழகிய என்றும் இருபொருள் கொள்ள இடமுண்டு. அச்சொல் தனித்து நின்றிருந்தால் நிறத்தை உறுதிசெய்ய இயலாது. அடுத்த கண்ணியிலேயே கவிஞர் இதனைப் பட்டுத் துகில் எனல் தகுமோ என ஐயுற்று, பெரும்புயலையும் பொருட்படுத்தாத மாணிக்கப் படலம் என முடிவுகட்டுகிறார். மாணிக்கம் செம்மணி. எனவே 'செய்ய' என்பதற்குச் சிவந்த எனப் பொருள் கொள்வதே இடத்திற்குப் பொருந்தும்.

'மணிக்கொடி' என்னும் தொடரும் இங்கே கருதத்தக்கது. இதனை 'அழகிய கொடி' என எளிதாக்கிச் செல்வது பொது வழக்கு. ஆனால் கொடியின் தளம் மாணிக்கமாகக் கூறப்படுகிறது; அதில் பொறித்த வச்சிரமோ இந்திரன் படைக்கலத்தையும் வயிரத்தையும் ஒருங்கே குறிக்கும் சொல். செம்மணித் தளத்தில் வயிரம் பதித்த கொடியை 'மணிக்கொடி' என்னும்போது மணி என்பது வெறும் அடைமொழியாகாமல் பொருளாகவே நிற்கிறது.

வங்கத்தின் இரு கொடிகள்

இவ்வடிவத்தின் மூலத்தைத் தேடுவோர் 1905 தொடங்கி 1907 வரை எழுந்த சுதேசி இயக்கக் கொடிகளை நோக்க வேண்டும். அவற்றுள் இரண்டு முதன்மையானவை.

முதலாவது சகோதரி நிவேதிதை வடிவமைத்த வச்சிரக் கொடி. 1904இல் புத்தகயை சென்றிருந்தபோது வச்சிரத்தை நாட்டின் சின்னமாகக் கொள்ளலாம் என்னும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. பிறர் நலத்துக்காகத் தம் என்பையே ஈந்த ததீசி முனிவரின் கதை அதற்கு அடிப்படை: தன்னலம் அற்றவன் வச்சிரமாகிறான். முதலில் சிவப்புத் தளத்தில் கருநிற வச்சிரம் வரையப்பட்டது. பின்னர் அது மஞ்சளாயிற்று. நடுவில் வச்சிரம், அதன் இருபுறமும் பிரித்தெழுதிய 'வந்தே மாதரம்' என்னும் வங்க எழுத்து, விளிம்பைச் சுற்றி 108 சுடர்கள் என அது அமைந்தது. 1906 திசம்பரில் கல்கத்தா காங்கிரசை ஒட்டி நடந்த கண்காட்சியில் இக்கொடி வைக்கப்பட்டது.

இரண்டாவது 1906 ஆகஸ்ட் 7 அன்று கல்கத்தாவின் பார்சி பாகன் சதுக்கத்தில் ஏற்றப்பட்ட கொடி. சசீந்திர பிரசாத் போஸ், ஹேமசந்திர கானூங்கோ ஆகியோர் இதன் வடிவமைப்புடன் தொடர்புபடுத்தப்படுகின்றனர். இது மூன்று கிடைப்பட்டைகள் கொண்டது. மேற்பட்டையில் எட்டுத் தாமரைகளும், நடுப்பட்டையில் தேவநாகரியில் 'வந்தே மாதரம்' என்பதும், கீழ்ப்பட்டையில் ஞாயிறும் பிறையும் இருந்தன. 1907 ஆகஸ்ட் 22 அன்று ஸ்டுட்கார்ட் நகரில் நடந்த பன்னாட்டுச் சோசலிச மாநாட்டில் பிகாஜி காமா அம்மையார் விரித்த கொடியும் ஏறத்தாழ இதே குடும்பத்தைச் சேர்ந்தது.

பாரதியார் அக்காலத்தில் சென்னையில் இதழாசிரியர். 1906 முதல் 'இந்தியா' வார இதழை நடத்தியவர். நிவேதிதையை வங்கத்தில் நேரில் கண்டு, 1908இல் வெளியான 'ஸ்வதேச கீதங்கள்' நூலை அவருக்கே காணிக்கையாக்கியவர். ஆகவே இவ்விரு கொடிகளின் செய்தியும் அவரை எட்டியிருக்கும் எனக் கொள்ளத் தடையில்லை. எனினும் புறச்சான்றைவிடப் பாட்டின் அகச்சான்றே வலிது.

மாற்றி அடுக்கிய முறை

பாரதியாரின் கொடி இவ்விரண்டின் படியும் அன்று. நிவேதிதையின் கொடியிலிருந்து செந்தளமும் வச்சிரமும் வந்துள்ளன; சதுக்கக் கொடியிலிருந்து பிறை வந்துள்ளது. 'வந்தே மாதரம்' இரண்டிற்கும் பொது. ஆனால் அடுக்கு முறை புதிது. நிவேதிதையின் கொடியில் வச்சிரம் நடுவிலும் மந்திரம் இருமருங்கிலும் நிற்கும். பாரதியார் அதனைத் தலைகீழாக்கி மந்திரத்தை நடுவில் வைத்துச் சின்னங்களை இருமருங்கில் நிறுத்துகிறார். சதுக்கக் கொடியில் பிறைக்கு இணையாக நின்றது ஞாயிறு. பாட்டில் ஞாயிற்றின் இடத்தை வச்சிரம் பெறுகிறது. பட்டைகளும் தாமரைகளும் முற்றாக விடப்பட்டன.

இம்மாற்றத்தின் விளைவு சிறிதன்று. வச்சிரம் தனியே நடுவில் நின்றால் ஒரு மரபின் சின்னம் நாட்டின் சின்னமாகிவிடும். அதற்கு எதிர்நிலையில் பிறையை வைத்ததும் இரண்டும் சமநிலை எய்துகின்றன. இரண்டையும் பிணைக்கும் இடம் தாய்க்குரிய மந்திரத்துக்கு அமைகிறது. பிறையைக் குறிக்கும் இடத்தில் துருக்கர் என்னும் சொல்லுக்கு முன் 'எங்கள்' என்னும் சொல் வருவதும் கருதத்தக்கது. இந்திரனுக்கு அவ்வுரிமைச் சொல் இல்லை. அக்காலத் தமிழில் துருக்கர் என்பது இசுலாமியரைப் பொதுவாகக் குறித்தது. அயல்நாட்டுப் பெயராய் ஒலிக்கும் அச்சொல்லுக்கு 'எங்கள்' என்னும் முன்சொல் குடியுரிமை வழங்குகிறது எனலாம்.

கொடிநிலை என்னும் துறை

கொடியைப் பாடுவது தமிழுக்குப் புதிதன்று. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தின் பல்வகைக் கொடிகளை அடுக்கிக் கூறுகிறது: தெய்வம் உறையும் வாயிற்கொடி, கலங்களின் கூம்புக்கொடி, கள் விற்குமிடத்துக் கொடி. அவற்றுள் வாது செய்ய அழைக்கும் நல்லாசிரியர் கொடியும் ஒன்று. (ஆய்வரங்குகளின் முகப்பில் தொங்கும் விளம்பரத் துணிகளுக்கு இத்துணைப் பழமையான முன்னோடி உண்டு.) சிலப்பதிகாரத்தில் இந்திரவிழாத் தொடங்கும்போது வச்சிரக் கோட்டத்து முரசம் யானைப் பிடரில் ஏற்றப்படுகிறது, தருநிலைக் கோட்டத்தில் மங்கலக் கொடி வானுற எடுக்கப்படுகிறது. வச்சிரமும் கொடியேற்றமும் புகாரில் ஒரே விழாவின் உறுப்புகளாய் நின்றன. ஆகவே நிவேதிதையின் சின்னம் தமிழ் வாசகருக்கு முற்றிலும் அயலாய்த் தோன்றியிராது.

தொல்காப்பியம் கூறும் 'கொடிநிலை'க்கு இளம்பூரணர் கொடியைச் சார்த்தியே பொருள் கொள்கிறார். நச்சினார்க்கினியர் அதனை ஞாயிற்று மண்டிலமாகக் கொள்வது அறிந்ததே. புறப்பொருள் வெண்பாமாலை முதற்கருத்தை விரித்து, முத்தேவர் கொடிகளுள் ஒன்றனோடு ஒப்பிட்டு மன்னன் கொடியைப் புகழ்வதைக் கொடிநிலை என்னும் துறையாக வகுக்கிறது. பாரதியாரின் பாடல் இத்துறையின் வழியே வந்தது. ஆயின் துறையின் நடுப்பொருளாகிய மன்னன் அதில் இல்லை. அவன் நின்ற இடத்தில் மக்கள் நிற்கின்றனர். செந்தமிழ் நாட்டார், மறவர், சேரன் வீரர், தெலுங்கர், துளுவர், கன்னடர், ஒட்டியர், மராட்டர், இந்துஸ்தானத்து மல்லர், ரஜபுத்திரர், ஐந்நதி நாட்டார், வங்கத்தார் என்பது வரிசை. தமிழகத்தில் தொடங்கும் இவ்வரிசை கொடி பிறந்த வங்கத்தில் முடிகிறது. சேரன் என்னும் பழங்குடிப்பெயர் வந்தும் வில்லோ புலியோ கயலோ வரவில்லை. மூவேந்தர் பொறிகளை நினைவூட்டும் வாய்ப்பு எளிதாய்க் கிட்டியிருந்தும் கவிஞர் அதனைத் தவிர்த்திருக்கிறார். ஒரு கொடியின்கீழ் நிற்போரைப் பாடும்போது வேறு கொடிகளை எழுப்புதல் பொருந்தாது என்பது அதன் காரணமாகலாம்.

பிறை மறைந்த வழி

பிறை உடனே மறைந்துவிடவில்லை. அடையாற்றைத் தம் இருப்பிடமாகக் கொண்டிருந்த அன்னி பெசன்டின் தன்னாட்சி இயக்கம் 1917இல் ஏந்திய கொடியில் ஐந்து சிவப்பு, நான்கு பச்சைப் பட்டைகளும், எழுமீன் வடிவில் ஏழு விண்மீன்களும், மேல்மூலையில் பிறையும் விண்மீனும் இருந்தன. மற்றொரு மூலையில் பிரித்தானியக் கொடியும் இருந்தது. முழு விடுதலை வேண்டியோர் அதனை ஏற்கவில்லை.

1921இல் பெசவாடாவில் அனைத்திந்தியக் காங்கிரஸ் குழு கூடியபோது பிங்கலி வெங்கையா காந்தியடிகளிடம் ஒரு கொடியை அளித்தார். அதிலிருந்து வெண்மை, பச்சை, சிவப்புப் பட்டைகளும் இராட்டையும் கொண்ட கொடி உருவாயிற்று. இங்கேதான் அடிப்படை மாற்றம் நிகழ்ந்தது: சமயக் குறியீடு சின்னத்திலிருந்து நீங்கி நிறத்துக்குச் சென்றது. நிறம் பேசாது, எனவே ஒவ்வொருவரும் தத்தம் பொருளை அதன்மேல் ஏற்றினர். சிவப்பு இந்துக்களுக்கு, பச்சை இசுலாமியருக்கு, வெண்மை பிறர்க்கு என்ற விளக்கம் எழுந்ததும், விடுபட்டோர் தமக்கும் ஒரு நிறம் வேண்டினர். 1931இல் பட்டாபி சீதாராமையாவை ஒருங்கிணைப்பாளராகக் கொண்ட எழுவர் குழு இதற்குத் தீர்வாகக் காவி நிறத் தளத்தில் இராட்டை மட்டும் அமைந்த கொடியைப் பரிந்துரைத்தது. ஒரே தளம், அதன்மேல் சின்னம் என்ற அளவில் இது சுதேசிக் காலச் செங்கொடியை ஒத்தது. காங்கிரஸ் குழு அதனை ஏற்காமல், 1931 ஆகஸ்டில் பம்பாயில் காவி, வெண்மை, பச்சை என்னும் வரிசையை ஏற்று, நிறங்களுக்குச் சமயப் பொருள் இல்லை என்றும் அறிவித்தது.

ஆகவே இரு கொடிகளும் ஒற்றுமை பற்றிய இரு வேறு கருத்துகளைக் கொண்டவை. 1931இன் மூவண்ணம் சமய அடையாளங்களைக் கொடியிலிருந்து நீக்கி அனைவரையும் ஒன்றாக்க முயன்றது. பாரதியாரின் கொடி அவற்றை வெளிப்படையாக அருகருகே வைத்து ஒன்றாக்கியது. வச்சிரமும் பிறையும் கூறும் கண்ணியை விட்டுவிட்டுப் பாடினால் பாடல் எக்கொடிக்கும் பொருந்தும். அதனைச் சேர்த்துப் பாடினால் ஒரு கொடிக்கே பொருந்தும். உரையாசிரியர் 'மணிக்கொடி' என்பதற்கு மூவண்ணக் கொடி என்று குறிப்பெழுதும்போது இழக்கப்படுவது இக்கண்ணியின் கருத்தே.

பாடலும் மூவண்ணமும் இணைந்ததை வெறும் பிழை என ஒதுக்கவும் இயலாது. பாரதியார் 1921 செப்டம்பரில் மறைந்தார். இராட்டைக் கொடி பரவிய காலத்திலேயே அவர் பாடல்களும் பரவின. 1928இல் சென்னை அரசு அவற்றைப் பறிமுதல் செய்தது. 1932 சனவரி 11 அன்று திருப்பூரில் குமரன் உயிர் நீத்தார். அதே மாதம் 26ஆம் நாள் 'ஆரியா' எனப்பட்ட பாஷ்யம் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கொடிமரத்தில் ஏறி மூவண்ணக் கொடியைப் பறக்கவிட்டார். இவ்வாறு தமிழர் நினைவில் கொடி என்பது மூவண்ணமே என நிலைத்தபோது, ஏற்கெனவே வாயில் இருந்த பாட்டு அதற்குரியதாயிற்று.

1947 சூன் மாதத்தில் இராசேந்திர பிரசாத் தலைமையில் அமைந்த கொடிக் குழுவில் இராஜாஜியும் அம்பேத்கரும் உறுப்பினராக இருந்தனர். சூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபையில் நேரு முன்மொழிய, இராட்டையின் இடத்தில் அசோகச் சக்கரம் அமைந்த கொடி ஏற்கப்பட்டது. அன்று நிறங்களுக்குப் புது விளக்கம் தந்தவருள் ஒருவர் ச. இராதாகிருஷ்ணன். சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்வதற்கு முன், நகரின் நடுவே இருந்த காலத்தில் அங்குப் பயின்றவர் அவர். காவி துறவையும், வெண்மை உண்மையின் ஒளிவழியையும், பச்சை மண்ணோடும் பயிரோடும் மனிதருக்குள்ள உறவையும், சக்கரம் அறத்தையும் இயக்கத்தையும் குறிக்கும் என அவர் கூறினார். சமயப் பெயர் எதுவும் அவ்விளக்கத்தில் இல்லை. நிறத்துக்குச் சமயப் பொருள் வேண்டாம் என்ற 1931இன் முடிவு, பதினாறு ஆண்டுகளில், நிறத்துக்குப் பொதுப்பொருள் வேண்டும் என்பதாக வளர்ந்திருந்தது.

துணியின் வரலாறு தனி. பாரதியார் பட்டினைப் பாடினார். காந்தியடிகள் கதரை வற்புறுத்தினார். கையால் நூற்று நெய்த துணியே கொடிக்கு உரியது என்ற நெடுநாள் விதி 2021 திசம்பர் திருத்தத்தால் தளர்ந்து, எந்திர நெசவும் பாலியெஸ்டரும் இடம்பெற்றன. 1947 ஆகஸ்ட் 15 விடியலில் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் ஏற்றப்பட்ட கொடி இன்று அக்கோட்டை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு உள்ளது. அது தூய பட்டினால் ஆனது.