பதினெட்டு வயது நிறைந்த மறுநாள்

பிழைப்புத் தேடி இந்நகரில் வந்திறங்கிய நாளில் நமக்காக வீட்டுக்காரரிடம் பேசி, அறை பிடித்துத் தந்தவர் யாரோ ஓர் ஊர்க்காரரே. அப்படி ஒருவருமற்ற பிள்ளைகள் இவ்வூரிலும் உளர். குழந்தைகள் இல்லங்களில் வளர்ந்து, 18 வயது நிறைந்ததும் வெளியேறுவோர் அவர்கள்.

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 46-ஆம் பிரிவில், இவர்களுக்குப் பணவுதவி 'அளிக்கலாம்' என்கிறது. 'அளிக்க வேண்டும்' என்று கூறவில்லை. இப்பின்பராமரிப்பு 21 வயது வரை. 2016-ஆம் ஆண்டு மாதிரி விதிகளின்படி, சிறப்பு நேர்வுகளில் 23 வரை. 2022-இல் வெளியான மிஷன் வாத்சல்யா நெறிமுறைகள் மாதம் 4,000 ரூபாய் என வகுத்தன. பெருநகர வாடகையை அறிந்த நம் அன்பர்களுக்கு இத்தொகையின் அளவை விளக்க வேண்டுவதில்லை.

பணம் கிடைப்பினும் குறை தீராது. மணியடித்ததும் உண்டு வளர்ந்தவனுக்கு அரிசி விலை புதிது. வங்கிப் படிவம் புதிது. (படிவங்களோடே காலங்கழிக்கும் ரயில்வே குமாஸ்தாவாகிய நாமே அங்கே திகைப்பதுண்டு!) காய்ச்சலில் கிடந்தால், யாரை அழைப்பான்?

தத்தெடுக்குமாறு நாம் வேண்டவில்லை. ஞாயிறுதோறும் ஒருவேளைச் சோறு, வாடகை பேசும்போது உடன் ஒரு பெரியவர், வேலைக்கு ஒரு விசாரிப்பு, இவையே வேண்டுவன. விரும்பும் குடும்பத்தார் நேரே இல்லத்துக்குச் செல்லாது, முதலில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் அலுவலரை அணுகுவாராக.