பியானோ வாசிக்க வந்தவர் பாடகியானார்

அமெரிக்காவின் தென்பகுதியிலே, ட்ரையன் என்னும் சிற்றூரில், ஒரு நாள் இசையரங்கு ஒன்று நடைபெற்றது. பியானோ வாசிக்கவிருந்தவள் பன்னிரண்டு வயதளவான ஒரு கறுப்பினச் சிறுமி. முன்வரிசையில் அமர்ந்திருந்த அவளுடைய பெற்றோரை எழுப்பிப் பின்னால் அனுப்பினார்கள். முன்வரிசை வெள்ளையருக்கு உரியதாம்! அவர்கள் திரும்பி வந்து அமர்ந்தாலன்றித் தான் வாசிக்கப் போவதில்லை என்று சிறுமி கூறிவிட்டாள். பெற்றோர் முன்வரிசைக்கு வந்த பின்னரே அவளுடைய விரல்கள் பியானோவைத் தொட்டன.

அச்சிறுமியே பிற்காலத்தில் நீனா சிமோன் என்ற பெயரால் உலகப் புகழ் பெற்றார்.

1933ஆம் ஆண்டு வட கரோலினா மாநிலத்தில் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் யூனிஸ் வேமன். எட்டுப் பிள்ளைகளுள் ஆறாமவர். தாயார் மெதடிஸ்த சபைப் போதகர். ஆலயத்திலே பியானோ வாசித்த குழந்தையின் திறமையைக் கண்ட ஓர் ஆசிரியை, பாக் என்னும் ஜேர்மானிய இசைமேதையின் ஆக்கங்களை அவருக்குக் கற்பித்தார். மேற்படிப்புக்கென ஊரவர் நிதி திரட்டினர். மேனாட்டுச் செவ்வியல் இசையில் வல்ல பியானோக் கலைஞராக வேண்டும் என்பதே அவரது ஒரே கனவாயிற்று.

1951இல் பிலடெல்பியாவிலுள்ள கேர்ட்டிஸ் இசைக் கலாசாலை அவரைச் சேர்த்துக்கொள்ள மறுத்தது. தம் நிறமே அதற்குக் காரணம் என்று அவர் இறுதிவரை நம்பினார்.

பிழைப்புக்கு வழி வேண்டுமே! 1954இல் அத்திலாந்திக் சிற்றி நகரில் ஒரு மதுச்சாலையிலே பியானோ வாசிக்கச் சென்றார். பாடவும் வேண்டும் என்றார் கடைக்காரர். அதுவரை பாடகியாக எண்ணியிராதவர் பாடத் தொடங்கினார். போதகரான தாயார் அறியாதிருக்கப் பெயரையும் மாற்றிக்கொண்டார்.

அங்கே பிறந்தது புதியதோர் இசை. ஆலயப் பாட்டும், கறுப்பின மக்களின் துயரப் பாட்டாகிய புளூஸும், நாட்டுப் பாடலும், ஜாஸும் அவர் குரலில் ஒன்றாயின. அவரது முதல் இசைத்தட்டிலே காதற் பாடல் ஒன்றின் நடுவே, வலக்கைச் சுரங்களும் இடக்கைச் சுரங்களும் ஒன்றையொன்று துரத்திச் செல்லும் பாக்கின் முறையைக் கேட்கலாம். கலாசாலை ஏற்காத வித்தை மதுச்சாலைப் பாட்டினுள் குடிபுகுந்தது! தம் இசையை ஜாஸ் என்று மட்டும் குறிப்பதை அவர் விரும்பவில்லை. கறுப்பினத்தாரின் செவ்வியல் இசை என்பதே அவருக்கு உவப்பான பெயர்.

1963 ஏப்ரல் 12ஆந் திகதி நியூயோர்க்கின் புகழ்பெற்ற கார்னகி மண்டபத்தில் அவர் வாசித்தார். அதே நாளில் மார்ட்டின் லூதர் கிங் பேர்மிங்காம் நகரிலே கைதுசெய்யப்பட்டார். செப்டெம்பரில் அந்நகரத்து ஆலயமொன்றில் வெடித்த குண்டு நான்கு சிறுமியரைப் பலிகொண்டது. செய்தி கேட்டுக் கொதித்த நீனா, ஒரு மணி நேரத்துள் 'மிசிசிப்பி கொடேம்' என்ற பாடலை எழுதி முடித்தார். துள்ளலான மெட்டு, உள்ளேயோ தீ! தென்மாநில வானொலிகள் பல அதனை ஒலிபரப்ப மறுத்தன. அவர் பின்வாங்கவில்லை. கறுப்பின இளைஞரின் தன்மானத்தைப் போற்றும் பாடலொன்றையும் 1969இல் உலகுக்குத் தந்தார்.

வாழ்க்கை அவருக்கு மலர்ப்படுக்கையாக அமையவில்லை. முதல் இசைத்தட்டின் உரிமையை ஏறத்தாழ 3,000 டொலருக்குக் கொடுத்துவிட்டுப் பெருந்தொகையை இழந்தார். கணவரின் அடியும், மனநோயும் அவரை வாட்டின. எழுபதுகளில் தாய்நாட்டை விட்டு வெளியேறி, பார்படோஸ், லைபீரியா, சுவிற்சர்லாந்து எனப் பல நாடுகளில் வாழ்ந்து, ஈற்றில் பிரான்சிலே தங்கினார். 1987இல் வாசனைத் திரவிய விளம்பரமொன்றில் ஒலித்த அவரது பழைய பாடல், புதிய தலைமுறையையும் அவர்பால் ஈர்த்தது.

2003 ஏப்ரல் 21ஆந் திகதி அவர் காலமானார். அதற்கு இரண்டு நாட்களுக்கு முன்னரே கேர்ட்டிஸ் கலாசாலை அவருக்குக் கௌரவப் பட்டம் வழங்கியது. மறுத்த கதவு திறக்க 52 ஆண்டுகள்!

தோல்வியே அவரைப் பாடகியாக்கியது என்று கூறி நாம் மனம் ஆறிவிடலாம். ஆனால் இழந்த அந்தக் கனவின் வடு அவரது உள்ளத்தில் கடைசிவரை ஆறவில்லை. கற்ற வித்தை எங்கும் கைகொடுக்கும் என்பதை மாணவர்கள் அவரிடமிருந்து அறியலாம். கதவுகளின் காவலராய் இருக்கும் பெரியோரோ, தகுதியுள்ள பிள்ளையை வாயிலில் நிறுத்தி வைக்கலாகாது என்பதை அறிதல் வேண்டும்.