மார்க் இருக்கட்டும், ரேங்க் எத்தனைங்க?

ஊத்துக்குளியில் நான் வைத்திருப்பது ஒரு ஜெராக்ஸ் கடை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு லேமினேஷன் மிஷின். வருஷம் முழுக்கப் பட்டா, ஆதார், ரயில் டிக்கெட் என்று ஓடும். நீட் முடிவு வந்த வாரத்தில் மட்டும் வேறு கூட்டம் வரும். ஷிப்ட் முடிந்து சட்டையில் பஞ்சுத் துகளோடு வரும் அப்பாக்கள், பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு கேட்பார்கள்: "ஏனுங், பாப்பா ஐநூறு வாங்கியிருக்குது. டாக்டர் சீட்டு கெடைச்சுருமுங்களா?"

மார்க்கை வைத்துப் பதில் சொல்லவே முடியாது. நீட் தேர்வு 720 மதிப்பெண்ணுக்கு. 180 கேள்விகளுக்குப் பதில், சரியென்றால் 4, தப்பென்றால் 1 கழியும். இது மாறாது. மாறுவது கேள்வித்தாளின் கடினம். 2024-ல் திருத்திய முடிவுக்குப் பிறகும் 17 பேர் முழு 720 எடுத்திருந்தார்கள். 2025-ல் இந்தியாவிலேயே முதலாவதாக வந்த மாணவரின் மதிப்பெண் 686. இயற்பியல் கேள்விகள் அந்த வருஷம் அவ்வளவு கடினம். பிற்படுத்தப்பட்ட பிரிவில் 2024-ல் 600 வாங்கியும் அரசுக் கல்லூரி கிடைக்காதவர்கள் உண்டு. அடுத்த வருஷம் அதைவிட மிகக் குறைந்த மதிப்பெண்ணுக்கு அதே பிரிவில் சீட்டு வந்தது. அண்ணன் மார்க்கைத் தம்பி மார்க்கோடு ஒப்பிட்டுச் சண்டை போடும் வீடுகளுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

"தகுதி பெற்றார்" என்று திரையில் வருவதைப் பார்த்துச் சாக்லேட் வாங்கி வருகிறவர்களும் உண்டு. 2025-ல் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தகுதி மதிப்பெண் 113, பொதுப் பிரிவுக்கு 144. அது வரிசையில் நிற்க அனுமதி, அவ்வளவுதான். அந்த மார்க்கில் அரசுக் கல்லூரி வாசலைக்கூடப் பார்க்க முடியாது.

பார்க்க வேண்டியது தமிழ்நாட்டு மருத்துவத் தேர்வுக் குழு வெளியிடும் தரவரிசைப் பட்டியலை. அகில இந்திய ரேங்க்கை வைத்துப் பயந்துபோகாதீர்கள். அரசுக் கல்லூரி இடங்களில் 15 சதவீதம்தான் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிறது. மீதி 85 நம் மாநிலத்துக்கு. மாநிலப் பட்டியலில் பிள்ளைக்கு இரண்டு எண் இருக்கும்: மொத்த ரேங்க், சமுதாய ரேங்க். 31 சதவீதம் எல்லோருக்கும் பொது. மீதி 69-ல் பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. 20, எஸ்.சி. 15, அருந்ததியர் 3, எஸ்.டி. 1. போன வருஷம் உங்கள் பிரிவில் எந்த ரேங்க் வரைக்கும் அரசுக் கல்லூரி போனது என்று எடுத்து, பிள்ளையின் சமுதாய ரேங்க்கைப் பக்கத்தில் வைத்தால் பாதிப் பதில் வந்துவிடும்.

அரசுப் பள்ளிப் பிள்ளை என்றால் கணக்கே வேறு. 2020-ல் வந்த சட்டப்படி, ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்றது. அவர்களுக்குத் தனிப் பட்டியல், அதனால் மிகக் குறைந்த மதிப்பெண்ணுக்கும் சீட்டு வருகிறது. அரசு உதவிபெறும் பள்ளி இதில் சேராது. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பனியன் வேலைக்காக ஊர் மாறி வந்தவர்கள், இடையில் ஒரே ஒரு வருஷம் மெட்ரிக் பள்ளியில் போட்டிருப்பார்கள். அதோடு அந்த வழி அடைபட்டது. கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை இலவசமாகப் படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

இனி, எங்கள் பக்கத்தில் யாரும் என்னிடம் கேட்காத, நானாகவே கேட்கும் கேள்வி: "ஈ.எஸ்.ஐ. பிடிக்கறாங்களா?"

மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவர்களிடம் 0.75 சதவீதம் பிடிக்கும் தொழிலாளர் காப்பீடான அந்த ஈ.எஸ்.ஐ.தான். காய்ச்சலுக்கு மாத்திரை வாங்க மட்டும் என்று நினைக்கிறார்கள். காப்பீடு பெற்ற தொழிலாளியின் பிள்ளைகளுக்கென்றே சென்னை கே.கே.நகர், கோயம்புத்தூர், ஹைதராபாத், பெங்களூர் ஈ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரிகளில் எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். அவை அகில இந்தியக் கலந்தாய்வில் நிரப்பப்படுகின்றன. போட்டியிடுவது தொழிலாளர் பிள்ளைகள் மட்டும் என்பதால், பொதுவான அகில இந்திய இடங்களைவிட வெகுவாகப் பின்னால் இருக்கும் ரேங்க்குக்கும் கிடைக்கிறது. ஓவர்லாக் தைக்கிற அம்மாவின் சம்பளச் சீட்டில் இருக்கும் ஒரு வரி, மகளின் ரேங்க்கை அத்தனை தூரம் தள்ளிக்கொடுக்கும்.

சிக்கலும் அங்கேதான். பீஸ் ரேட்டிலும் கான்ட்ராக்டிலும் ஓடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் பிடித்தமே இருக்காது. பிடித்தவர்களிலும், கம்பெனி மாறும்போது பழைய ஈ.எஸ்.ஐ. நம்பரைச் சொல்லாமல் புது நம்பர் போட்டிருப்பார்கள். சந்தா கட்டிய காலம் இரண்டாகக் கிடக்கும். தொழிலாளியின் பிள்ளை என்ற சான்றிதழைக் கலந்தாய்வுக்கு முன்பே வாங்க வேண்டும். பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் இருக்கும்போதே இந்த நம்பரைச் சரிபார்த்துவிடுங்கள்.

கல்லூரிகளை வரிசைப்படுத்துவதில் ஒரு வீண் பயம் இருக்கிறது. "சென்னையை முதல்ல போட்டா கிடைக்காது, அப்புறம் திருப்பூரும் போயிருமுங்க" என்பார்கள். போகாது. வரிசையில் மேலிருந்து கீழே பார்த்து, உங்கள் ரேங்க்குக்கு எட்டும் முதல் இடத்தைத் தருகிறார்கள். பிடித்ததை மேலே போடுங்கள். 2022 ஜனவரியில் திறந்த திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரியையும், சாலைப் போக்குவரத்து நிறுவனத்திடமிருந்து அரசுக்கு வந்த பெருந்துறைக் கல்லூரியையும் பஸ் வசதி பார்த்து முதலில் போடுவதும் தப்பில்லை.

ஒரு மெர்ச்சண்டைசர் தம்பி, அமெரிக்காவில் இருக்கும் அக்கா பெண்ணுக்கு வாய்ப்பு எப்படி என்று கேட்டார். அங்கே பன்னிரண்டு முடித்ததும் நேரே மருத்துவம் என்பது பெரும்பாலும் கிடையாது. முதலில் நான்கு வருஷப் பட்டம். ஆனர்ஸ் பிரிவு, மருத்துவத்துக்கு ஆயத்தமாகும் பிரீ-மெட் எல்லாம் அதற்குள் வருகிறவை. அந்தப் பட்டம் படிக்கும்போதோ முடித்த பிறகோ எம்-கேட் நுழைவுத் தேர்வு. கல்லூரி மார்க், ஆராய்ச்சி, ஆஸ்பத்திரியில் செய்த தொண்டு, நேர்காணல் எல்லாம் சேர்த்துப் பார்ப்பார்கள். ரேங்க் பட்டியல் என்று ஒன்று இல்லாததால், என் மாதிரி ஜெராக்ஸ் கடைக்காரனால் அங்கே ஜோசியம் சொல்ல முடியாது.

ரேங்க் எட்டவில்லை என்றால் இன்னொரு வருஷம் படிக்கலாமா? போன வருஷ எல்லைக்குப் பக்கத்தில் இருந்தால் படிக்கலாம். வெகுதூரம் என்றால் கோச்சிங் சென்டருக்குக் கட்டும் பணம் வட்டிக்கு வாங்கியதா என்று முதலில் பாருங்கள். வட்டிப் பணத்தில் மூன்றாவது முறை எழுத அனுப்புவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வெண்ணெய்க்குப் பேர்போன ஊர்க்காரர்கள் கால்நடை மருத்துவத்தை மறந்துவிடுவதுதான் வேடிக்கை. நம் திருப்பூர் மாவட்டத்திலேயே உடுமலைப்பேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாநில இடங்களுக்கு நீட் வேண்டாம். பிளஸ் டூ மார்க்தான். நீட் முடிவுக்குக் காத்திருக்காமல் அறிவிப்பு வந்ததும் விண்ணப்பம் போட்டுவையுங்கள். கடைசி நாள் சாயங்காலம் ஓடி வந்தால், சர்வர் நின்றுபோன பிறகு நானும் ஒன்றும் செய்ய முடியாதுங்க.